போர்டு அங்கதான் கீது!

பார்க்கிங்கில் கூடுதலாகக் கேட்டால் ஒரு பைசா கொடுக்காமல் சண்டை போடுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வேலூர் வெயிலில், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது அது நடக்கிற காரியமா?

காட்பாடி ரோட்டுப் பக்கம் ஒரு வணிக வளாகத்தில் பைக்கை விட்டிருந்தேன். டோக்கனில் 10 ரூபாய். வெளியே வரும்போது 90 கேட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் மணிக்கு 20 ரூபாயாம். "போர்டு அங்கதான் கீது சார், நீங்க பாக்கல" என்றார் டோக்கன் பையன். போய்ப் பார்த்தேன். பிறந்தநாள் வாழ்த்து ஃப்ளெக்ஸ் ஒன்று போர்டை முக்கால்வாசி மறைத்திருந்தது. தெரிந்தது "இருசக்கர வாகனம் ரூ.10" மட்டும்தான். மீதி வரிகள் யாரோ ஒருவரின் கும்பிட்ட கைகளுக்குப் பின்னால்!

பணத்தைக் கொடுத்துவிட்டு, டோக்கனின் பின்பக்கம் தொகை, நேரம் எழுதி வாங்கினேன். பையனிடம் கத்தி என்ன பயன், அவன் சம்பளக்காரன். நுழைவாயிலில் நின்று வண்டி ஓட்டுபவர் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதை அப்படியே போட்டோ எடுத்தேன். கிட்டப் போய் எடுத்தால் அவர்களுக்குத்தான் சாதகம்.

நிர்வாகத்துக்குப் பதிவுத் தபால். பதில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகு 80 ரூபாய் திரும்பி வந்தது. வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

ஃப்ளெக்ஸ் இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.