1964-இல் போட்ட கையெழுத்துக்கு யார் பொறுப்பு?

குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "இலங்கைத் தமிழர்களை ஏன் சேர்க்கவில்லை?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். 2019 சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்தோடு நின்றுவிட்டது. ஆனால் நம் ஊர் முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் சலுகை கேட்டு நிற்பவர்களே இல்லை. அவர்களை ஏற்றுக்கொள்வதாக இந்தியா 1964-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களைச் சொல்கிறேன்.

கதை 1948-இல் தொடங்குகிறது. சுதந்திரம் வாங்கிய இலங்கை அந்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு, இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்கு யார் சான்றிதழ் எடுத்து வைத்தார்கள்? தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாட்கள் பதிவேட்டில்) பேர் இருக்கும், எத்தனை ராத்தல் கொழுந்து எடுத்தாள் என்ற கணக்கு இருக்கும். எங்கே பிறந்தாள் என்பது இருக்காது. 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் 1952 தேர்தலில் பட்டியலிலேயே இல்லை. கோடாகன் பிள்ளை என்பவர் வழக்குப் போட்டு அப்போது மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். சட்டத்தில் பாரபட்சம் இல்லை என்று 1953-இல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். எந்த இனத்தின் பேரும் சட்டத்தில் இல்லைதான். ஆனால் எந்தக் காகிதத்தைக் கேட்டால் யார் வெளியே விழுவார்கள் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியும். (2019-இல் அசாமில் 19 லட்சம் பேர் குடிமக்கள் பதிவேட்டுக்கு வெளியே விழுந்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.)

1964 அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்த மக்களைப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாக, 75,000 பேராகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் மாடு கன்றைப் பிரிக்கிற மாதிரி. உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும் என்று அந்த மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

சரி, கையெழுத்துப் போட்டாயிற்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்' ஆனார்கள். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அவர்கள் உழைப்பில்தான் வளர்ந்தன. அப்புறம் போர் வந்தது. 1984-இல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே மாட்டிக்கொண்டவர்கள் பலர். அதற்கு முன்பே, 1977 கலவரத்துக்குப் பிறகு, தோட்டங்களைவிட்டு வவுனியா, கிளிநொச்சி பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களும் இருந்தார்கள். போர் அங்கேயும் துரத்தியது. கடைசியில் அவர்களும் இதே ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தார்கள், தோணியில்.

கப்பலில் வந்திருந்தால் இந்தியக் குடிமகன். தோணியில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி. நாற்பது ஆண்டுகளாக நாம் நடத்தும் அநீதி இவ்வளவுதான், இதில் புரியாத சட்ட நுணுக்கம் எதுவும் இல்லை. முகாம்களில் இப்படி முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இருப்பதாகப் பல ஆண்டுகளாக ஒரு மதிப்பீடு சொல்லப்படுகிறது. முகாம் பிள்ளைகள் இன்ஜினியரிங் படிக்கிறார்கள், படித்து முடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, வெளியூர் போய்த் தங்க வேண்டுமானால் அனுமதி வேண்டும்.

இங்கேயே பிறந்தவர்கள் கதை இன்னும் விசித்திரம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் இதை வைத்துத்தான் உயர் நீதிமன்றம் போய், 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அதே முகாமில் இரண்டு வருடம் கழித்துப் பிறந்திருந்தால்? பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கதவும் பாதி மூடிவிட்டது: பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே போதும், பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை.

"இலங்கைதான் 2003-இல் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்துவிட்டதே, திரும்பிப் போகலாமே" என்று சிலர் கேட்பார்கள். 2009-இல் இந்தியாவுக்கு ஓடிவந்தவர்களையும் சேர்த்துத் திருத்தம் செய்தார்கள், உண்மை. போக விரும்புகிறவர் போகட்டும், யார் தடுத்தது? ஆனால் அங்கே வீடும் இல்லை, லயத்து அறையும் இல்லை என்று ஆன ஒருவரை, மூன்றாம் தலைமுறை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் ஊரிலிருந்து கிளம்பச் சொல்வது 1964-ஐ மறுபடி நடத்துவதுதான்.

நம் கட்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அ.தி.மு.க. மாநிலங்களவையில் 2019 சட்டத்தை ஆதரித்து வாக்களித்தது. தி.மு.க. மத்திய ஆட்சியில் பங்கு வகித்த ஆண்டுகளும் கொஞ்சமல்ல. 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாற்றி, வீடு கட்ட நிதி ஒதுக்கினார்கள். வீடுகள் தேவைதான், குறை சொல்லவில்லை. சட்ட நிலை அப்படியே இருக்கிறது. 2025-இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள், குடியுரிமை பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் வழக்கில், இவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், விதியைத் தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

என் கோரிக்கை ஒன்றுதான். முகாம் முகாமாக மலையக வம்சாவளிக் குடும்பங்களைத் தனியே கணக்கெடுங்கள். ஆனால் நிரூபிக்கும் பாரத்தை மறுபடி அவர்கள் தலையில் வைக்காதீர்கள். ஒப்பந்தப்படி அன்று விண்ணப்பம் வாங்கியதும் பாஸ்போர்ட் கொடுத்ததும் கண்டியிலும் கொழும்பிலும் இருந்த இந்திய அரசின் அலுவலகங்கள். கோப்புகளை அரசே தேடி எடுக்கட்டும். கிடைக்கவில்லை என்றால் அதன் பலன் விண்ணப்பித்தவருக்குத்தான் போக வேண்டும்.