ரெண்டு சொட்டு ஊத்திட்டு மூஞ்சியவே பாக்காதீங்கய்யா

ஆஸ்திரேலியால பரோசா பக்கம் எந்த சின்ன குடும்ப வைனரிக்கு போனாலும் இதே கததான். தீர்த்தம் மாதிரி கொஞ்சூண்டு ஷிராஸ்ங்குற செவப்பு வைன ஊத்திட்டு ஓனர் நம்ம மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாரு, "என்ன வாசன வருது?"ன்னு. வைன் வாசனதான்யா வருது, வேறென்ன வரும்? பக்கத்துல ஒருத்தர் கண்ண மூடிட்டு "பிளம், மிளகு, பழைய தோலு"ங்குறாரு. தோல எப்ப சார் நக்கி பாத்தீங்க? அப்புறம் டூராம். மண்ட வெயில்ல கொடிக்கு நடுவுல நிக்க வெச்சு, 1843ல நட்டது இந்த ஊர்ல இன்னும் காய்க்குது, திராட்ச கொடிய வேரோட சாகடிக்கிற ஃபிலாக்ஸெரா பூச்சி இங்க வரவே இல்லன்னு வரலாறு (அது நெசமாவே பெரிய விஷயந்தான், நிழல்ல சொன்னா ஆகாதா?). பாட்டில் வாங்கினா டேஸ்டிங் காச கழிச்சிப்பாங்களாம். வாங்காம நழுவலாம்னா அவரு பொண்டாட்டி கிளாஸ் கழுவுறாங்க, அம்மா பில்லு போடுறாங்க, நாய் வேற வால ஆட்டுது, எப்படிங்க வெறுங்கையோட வெளிய வர்றது?