ஒரு நோயாளிக்கு ஆறு எண்கள்

எங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஓபி பதிவு, லேப், எக்ஸ்ரே, மருந்தகம், வார்டு எல்லாவற்றையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கப் போகிறார்களாம். என்னோடு வேலை பார்த்த தோழி போனில் சொன்னாள். இது வர வேண்டும் என்று பல வருடம் காத்திருந்தவள் நான். ஆனாலும் செய்தியைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. 31 ஆண்டுகள் வார்டு நர்ஸாக இருந்தவள் என்பதால் மனதில் இருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், ஏன் வேண்டும் என்பது. அந்தியூர்ப் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு வந்த ஓர் அம்மாவுக்கு ஊசி மருந்து எழுதியிருந்தார்கள். டெஸ்ட் டோஸ் போட்ட சில நிமிடங்களில் முகம் வீங்கி மூச்சு திணறியது. அட்ரினலின் கொடுத்துக் காப்பாற்றினோம். மறுநாள் அவருடைய மகன், "இதே மாதிரி ரெண்டு வருடம் முன்பும் இங்கேயே ஆனதுங்க" என்றார். ரிக்கார்டு அறையில் மூட்டைகளைப் பிரித்துத் தேடினோம். பழைய கேஸ் ஷீட் கிடைத்தது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தது. எழுதியவர் தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். அவர் எழுதியது எங்கள் கண்ணுக்கு வர வழி இல்லை.

காரணம் எண். ஓபி சீட்டில் ஓர் எண், அட்மிஷன் ஆனால் வேறு எண், லேபில் ஒன்று, எக்ஸ்ரேயில் ஒன்று, ரத்த வங்கியில் ஒன்று, காப்பீட்டுக்கு இன்னொன்று. அடுத்த முறை வந்தால் எல்லாம் புதிதாக. பெயரை வைத்துத் தேடலாம் என்பவர்கள் கொங்கு நாட்டு வார்டில் ஓர் இரவு இருந்து பார்க்கட்டும். ஆண்கள் வார்டில் ஒரே சமயத்தில் மூன்று பழனிசாமி இருந்தார்கள், அதில் இருவருக்கு அப்பா பெயரும் ராமசாமி. பவானிக்காரர், கோபிக்காரர், காங்கேயத்துக்காரர் என்று ஊரைச் சொல்லித்தான் மாத்திரை கொடுத்தோம். ஆங்கிலத்தில் தட்டும்போது ஒருநாள் 'சாமி', மறுநாள் 'ஸ்வாமி' என்று ஆகும். அத்தோடு ஒரே மனிதர் இரண்டு பேராகிவிடுவார்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் கொண்டுவந்த ஆபா (ABHA) என்ற 14 இலக்க மருத்துவ அடையாள எண் இருக்கிறதே என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் விபத்தில் நினைவில்லாமல் வருகிறவரிடம் எந்த எண்ணைக் கேட்பது? பதிவு ஜன்னலில் வரிசை வாசல் வரை நிற்கும்போது, பழைய எண்ணைத் தேடுவதைவிடப் புது எண் போடுவது சுலபம். அந்த ஜன்னலில் உட்காருகிறவர் பெயர், ஊர், வயது, போன் எண் எல்லாம் கேட்டுத் தேடுகிற அளவுக்கு நேரமும் ஆள்பலமும் இல்லாவிட்டால், என்ன செலவு செய்தாலும் ஆறு எண்கள் அப்படியே இருக்கும். அனுபவம் உள்ளவர்களை அங்கே போடுங்கள்.

அடுத்தது, என் பயம். நான் பார்த்தவரை கணினி வந்த இடத்தில் நோட்டு போனதே இல்லை. மருந்து இண்டெண்ட் (வார்டுக்கு வேண்டிய மருந்துகளைக் கேட்கும் பட்டியல்) கணினியிலும் நோட்டிலும், சேர்க்கை கணினியிலும் பதிவேட்டிலும் எழுதினோம். தணிக்கைக்கு வேண்டும் என்று ஒருவர், மேலதிகாரி கேட்பார் என்று இன்னொருவர். நாற்பது நோயாளிகளுக்கு இரவில் இரண்டு நர்ஸ் இருக்கும் வார்டில் ஒன்றையே இரண்டு தடவை எழுதச் சொன்னால் என்ன ஆகும்? விடிகாலையில் மொத்தமாக உட்கார்ந்து தட்டுவார்கள். இரவு இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் விழுந்தது ஆறு மணிக்குத்தான் கணினியில் பதிவாகும். அதற்குள் திரையைப் பார்க்கிற டாக்டர் நோயாளி நன்றாக இருக்கிறார் என்று நம்பிவிடுவார். எந்தத் தேதியிலிருந்து எந்த நோட்டு நிறுத்தப்படும் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். அது இல்லாமல் ஒரு கணினிகூட வார்டுக்குள் வரக் கூடாது என்பேன்.

மருத்துவக் கல்லூரிக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. எழுதுகிற கை நிலையாக இருக்காது. ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது பயிற்சி டாக்டர்கள், இருப்பது ஒரு வருடம்தான், அதிலும் துறை விட்டுத் துறை மாறிக்கொண்டே இருப்பார்கள். திறப்பு விழா வாரத்தில் ஒருமுறை பயிற்சி கொடுத்துவிட்டுக் கம்பெனிக்காரர் போய்விட்டால், அடுத்த பேட்ச் யாரிடம் கேட்கும்? சீனியர் தன் பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுப்பார். ஒரே பாஸ்வேர்டில் பத்துப் பேர் எழுதினால், ஊசியை எழுதியது யார் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பயிற்சி ஒவ்வொரு பேட்சுக்கும் வேண்டும், முதல் நாள் வார்டில் கால் வைப்பதற்கு முன்பே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்து யூனிட் சீஃப் ஒருவர் ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டு, "நீயே சொல்லம்மா" என்று மாணவியைக் கேட்பார். முதல் நாள் எழுதியதைப் பார்த்து எழுதியவள் திணறுவாள், நோயாளியைத் தொட்டுப் பார்த்து எழுதியவள் தடுமாறாமல் சொல்வாள். கணினியில் நேற்றைய குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டுவது ஒரு நொடி வேலை. வயிறு வலி குறைந்த பிறகும் ஐந்து நாளும் வயிறு வலி என்றே இருக்கும். படிக்க வந்த பிள்ளைகள் எழுதியெழுதித்தான் யோசிக்கக் கற்றார்கள். தினசரிக் குறிப்பில் அந்த ஒட்டும் வசதியே இல்லாமல் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கணினி நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸில் இணையத் தாக்குதலால் சர்வர்கள் முடங்கின. சுமார் இரண்டு வாரங்கள் கையால் எழுதித்தான் சமாளித்தார்கள். அதற்காகத் தினமும் இரண்டு தடவை எழுத வேண்டும் என்று ஆகாது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு பீரோவில் வெற்றுப் படிவங்கள் தயாராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், கணினி இல்லாமல் வார்டை நடத்திப் பழகட்டும். தீயணைப்புக்குப் பழகுகிறோமே, அதுபோல.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தோழியிடம் கேட்டேன். டீன், துறைத் தலைவர்கள், கணக்குப் பிரிவு, கம்பெனிக்காரர்கள் என்றாள். நர்ஸ் ஒருவர்கூட இல்லை, ரிக்கார்டு பிரிவிலிருந்தும் யாரும் இல்லை. இந்த வாரமே கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதச் சொல்லியிருக்கிறேன். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.