தோல் பையில் சிகரெட் வாடை: வெயில் போதுமா?

"தோல் பையில் ஏறிய சிகரெட் வாடை இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டால் முழுக்கப் போய்விடும்" என்று சொல்லப்படுவதுண்டு. துணிக்கு வெயில் ஓரளவு உதவும், சரி. தோலுக்கு அது சரிப்படாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

புகையிலுள்ள தாரும் நிகோட்டினும் பிசுக்காகத் தோலின் மேலும் உள்ளே லைனிங் துணியிலும் படிந்துவிடுகின்றன. அந்தப் பிசுக்கை வெயில் துடைத்து எடுப்பதில்லை. தோலின் எண்ணெய்ப்பசை வற்றி விறைப்பதும் சாயம் வெளுப்பதும்தான் மிச்சம். எடுத்தவுடன் வாடை குறைந்த மாதிரி தெரியும். ஈரக்காற்று பட்டதும் திரும்பிவிடும்.

நம்பச் சொல்லவில்லை, நீங்களே பாருங்கள். வெயிலில் காய்ந்த பையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இரவு முழுக்கக் கட்டி வையுங்கள். காலையில் அவிழ்த்ததும் மூக்கே சொல்லிவிடும். அப்புறம், வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து இறுகப் பிழிந்து, லைனிங்கை வெளியே இழுத்துத் தையலோரம் தேயுங்கள். பிசுக்கு நிறைய இருந்தால் டீக்கறை போல மஞ்சள் பழுப்பு துணியில் ஏறும். (பையின் நிறமே ஏறினால் அது சாயம், உடனே நிறுத்திவிடுங்கள்.)

அந்தக் கறை ஏறுவது நிற்கும்வரை மெதுவாகத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவோடு பையையும் பெட்டிக்குள் மூடிச் சில நாள் வைக்கலாம். சோடாவைத் தோல்மேல் தூவ வேண்டாம், தையலுக்குள் புகுந்தால் எடுப்பது பெரும்பாடு.