மாலை போட்ட படத்தில் இருப்பது யார் தோழர்?

ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் நடந்த நம் இடதுசாரிக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும் அப்புறம் வீடியோவில் பார்த்தவர்களுக்கும் நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்வி, மார்க்ஸோடு மோதிய ருஷ்ய அனார்க்கிஸ்ட் (அரசே வேண்டாம் என்கிற அராஜகவாதி) பக்கூனினைப் பற்றி. "பக்கூனின் சொன்னதுல ஒண்ணுகூடவா சரியில்லீங்க?" அதற்கு மேடையில் இருந்து வந்த பதில்: "அனார்க்கிஸ்டுகள் எப்போதுமே முதலாளிகளின் கையாட்கள்தான், உட்காரும்மா." சொல்லி முடிப்பதற்குள் மைக் கைமாறிவிட்டது. கைதட்டல் வேறு.

பேசியவரின் தலைக்கு நேர் மேலே ஃபிளெக்ஸில் சிகாகோ தியாகிகள். சம்பங்கி மாலை போட்டிருந்தது. பார்சன்ஸ், ஸ்பைஸ், ஃபிஷர், ஏங்கல் (ஏங்கெல்ஸ் இல்லை தோழர்களே, ஏங்கல், அவர் வேறு ஆள்). 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்ட இந்த நான்கு பேரும் அனார்க்கிஸ்டுகள். 1886ல் சிகாகோ தொழிலாளர் கூட்டத்தில் போலீஸ் மீது குண்டு வீசியது யார் என்று கடைசிவரை நிரூபிக்கவில்லை. விசாரணையில் நிற்பதே அனார்க்கிசம்தான் என்று அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்திலேயே சொன்னார். அவர்கள் பெயரில்தான் நாம் வருஷா வருஷம் மே தினம் கொண்டாடுகிறோம். மேலே மாலை, கீழே கையாட்கள் பட்டம். எந்த ஊர் நியாயம் இது?

சண்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது, பயங்கரமாக இருந்தது. பிரெஞ்சு அனார்க்கிஸ்ட் புரூதோனுக்கும் மார்க்ஸுக்கும் 1846லேயே கசந்துவிட்டது. முதல் அகிலம், அதாவது சர்வதேசத் தொழிலாளர் சங்கம், 1864ல் லண்டனில் தொடங்கியது. பக்கூனின் 1868ல் உள்ளே வந்தார். 1872ல் ஹேக் மாநாட்டில் அவரையும் அவருடைய தோழர் கியோமையும் நீக்கினார்கள், தலைமையை நியூயார்க்குக்கு மாற்றினார்கள், நான்கே வருஷத்தில் அகிலமே கலைந்தது. ஆனால் இது பங்காளிச் சண்டை. கோர்ட்டு கேஸ் என்று போனாலும் பங்காளி பங்காளிதான்.

அந்தப் பங்காளிகள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். மார்க்ஸின் 'மூலதன'த்தை ருஷ்ய மொழிக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டவரே பக்கூனின்தான். அட்வான்ஸ் வாங்கிவிட்டு முடிக்கவில்லை. நம்ம ஊர் ஜாப் ஒர்க் கதைதான், அதுவும் ஹேக்கில் பஞ்சாயத்துக்கு வந்தது. இத்தாலிய அனார்க்கிஸ்ட் கஃபியேரோ சிறையில் உட்கார்ந்து 'மூலதன'த்தைச் சுருக்கி எழுதினார். 1879ல் அது வெளிவந்தபோது மார்க்ஸே பாராட்டிக் கடிதம் போட்டார். தொழிலாளி பெயரால் ஆட்சிக்கு வருகிறவர்கள் தொழிலாளியாக இருக்க மாட்டார்கள் என்று பக்கூனின் 1873ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். மார்க்ஸ் என்ன செய்தார்? மைக்கைப் பிடுங்கினாரா? ருஷ்ய மொழி கற்றவர், அந்தப் புத்தகத்தை மூலத்திலேயே படித்து, பகுதி பகுதியாக எடுத்தெழுதி, இடையிடையே பதில் எழுதி வைத்தார். காட்டமான பதில்தான், கிண்டலும் உண்டு. ஆனால் படித்துவிட்டுத் திட்டினார். நம்மவர்கள் படிக்காமலே திட்டுகிறார்கள்.

"பக்கூனின் யூத வெறுப்போடு எழுதியவர், ரகசியக் குழு நடத்தியவர்" என்பீர்கள். ஆமாம், எழுதினார், நடத்தினார், அசிங்கம்தான். அதைச் சொல்லியே அந்தப் பெண்ணுக்குப் பதில் கொடுத்திருக்கலாமே?

"கிரான்ஸ்டாட் நெருக்கடி காலம், உனக்கென்ன தெரியும்" என்று ஒரு அண்ணன் போனில் கத்தினார். 1921 பிப்ரவரியில் மாஸ்கோவில் ருஷ்ய அனார்க்கிஸ்ட் குரோபோட்கினின் இறுதி ஊர்வலம் கறுப்புக் கொடிகளோடு போனது. சிறையில் இருந்த அனார்க்கிஸ்டுகள் சிலரை அன்று ஒரு நாள் வெளியே விட்டார்கள். அடுத்த மாதமே கிரான்ஸ்டாட் கடற்படைத் தளத்தில் கிளர்ந்தெழுந்த மாலுமிகள் மீது போல்ஷெவிக் அரசின் துப்பாக்கி. நெருக்கடி என்றால் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு வருஷம் கழித்து திருப்பூர் கல்யாண மண்டபத்திலும் அதே நெருக்கடிதானா அண்ணா?

"நம்ம மண்ணுக்கும் அனார்க்கிசத்துக்கும் என்ன சம்பந்தம்" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 1920ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் எம்.பி.டி. ஆச்சார்யா ஒருவர், சென்னையில் பிறந்தவர். கூடவே கட்சியைத் தொடங்கிய எம்.என். ராயோடு முரண்பட்டு வெளியே வந்து அனார்க்கிஸ்டாகி, சாகும்வரை அப்படியே இருந்தார். கட்சி பிறந்தது 1920ல் தாஷ்கண்டிலா 1925ல் கான்பூரிலா என்று இன்றைக்கும் நமக்குள் அடித்துக்கொள்கிறோம். ஆச்சார்யா பெயரை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் அப்பா. சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். ஜனவரி 8 வந்தால் என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து சின்னியம்பாளையத்துக்குக் கூட்டிப் போவார். 1946ல் தூக்கில் ஏற்றப்பட்ட நான்கு மில் தொழிலாளிகளின் பெயரை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஒரு போனஸ் ஒப்பந்தம் முடிந்த பிறகு கேட் மீட்டிங்கில் எழுந்து, "கையெழுத்துப் போடறதுக்கு முந்தி எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றார். அவ்வளவுதான். "தோழர் அராஜகவாதி மாதிரிப் பேசுகிறார்" என்று சிரித்தார்கள். அப்பா பக்கூனின் பெயரைக் கேட்டதுகூட இல்லை. அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் சந்தா கட்டினார், ஊர்வலத்துக்குப் போனார், கொடி பிடித்தார். எந்தக் கூட்டத்திலும் வாயை மட்டும் திறக்கவில்லை.

"நீ என்ன, அனார்க்கிஸ்டாக மாறிட்டியா" என்று கேட்பவர்களுக்கு: இல்லைங்க. எனக்கு அமைப்பு வேண்டும், கட்சி வேண்டும். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அனார்க்கிஸ்டுகளே கடைசியில் மந்திரி பதவி ஏற்கவேண்டி வந்தது, அதுவும் தெரியும். ஆனால் அமைப்பு என்றால் கேள்வி கேட்டவளை உட்கார வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பெண் பன்னிரண்டு மணி நேரம் நின்று பீஸ் பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் பேச்சைக் கேட்க வந்தவள் ஐயா! கையாளாம்!

"இதை உள்ளுக்குள் பேசியிருக்கலாமே, பொதுவில் ஏன் எழுதினாய்" என்று காலையில் இருந்து இன்பாக்ஸில் வருகிறது. அவளை உட்காரச் சொன்னது இருநூறு பேர் முன்னால், மைக்கில். நீங்கள் யாராவது அவளிடம் உள்ளுக்குள் பேசினீர்களா?