பாம்பை அது கிடக்கும் இடத்திலேயே சாப்பிட விடுங்கள்

டொராண்டோவில் இருக்கும் என் தம்பி ஒரு பாம்பு வளர்க்கிறான். கோர்ன் ஸ்நேக் என்பார்கள். அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு, விஷமில்லாதது. செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டு, நாலடி நீளம். கூண்டுத் தரையில் தும்புத்தூள், அதாவது தேங்காய் நார்த்தூள், பரப்பியிருக்கிறான். போன வாரம் அது எலி விழுங்குகிற வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அம்மா பார்த்துவிட்டு "கருமம்" என்று போனை என் கையில் தந்துவிட்டார். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் உடனே எழுதினான்: "டேய், தும்புத்தூளோட சேர்த்து முழுங்குது. குடல் அடைச்சுச் செத்துப் போகும். வேற பெட்டியில வச்சு சாப்பாடு குடு."

அவனும் ஒரு போல் பைதன், சின்ன வகை மலைப்பாம்பு, வளர்க்கிறான். அக்கறையில்தான் சொன்னான், தெரியும். ஆனால் இதே அறிவுரையால் தம்பியின் பாம்பு பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் நம்ம பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் பாம்பு வளர்க்கிறார்கள்.

தம்பிக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் அங்கே போயிருந்தேன். நல்ல பனிக்காலம். பாம்பு வாங்கிய கடையில் அவனுக்கும் இதையேதான் சொல்லிப் பயம் காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பாம்பைத் தூக்கி வெறும் பிளாஸ்டிக் பெட்டியில் விடுவான். எலியைக் கொடுப்பான். அது விழுங்கி முடித்ததும், வயிறு புடைத்திருக்கும்போதே மறுபடி தூக்கிக் கூண்டில் விடுவான். நான் போய் மூன்றாவது வாரம், ஒரு விடியற்காலை அந்த அறைக்குள் கால் வைக்கவே முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். தும்புத்தூளின் மேல் பாதி கரைந்த எலி கிடந்தது. மயிர் எல்லாம் சளியில் ஒட்டி, தலை இருந்த இடமே தெரியவில்லை. பாம்பு தண்ணீர்ச் சட்டிக்குப் பின்னால் சுருண்டிருந்தது.

மிருக வைத்தியர் இரண்டே கேள்விதான் கேட்டார். கூண்டின் சூடான பக்கத்தில் எத்தனை பாகை? சாப்பிட்ட பிறகு தொட்டீர்களா? வீட்டுக்கு வந்து பார்த்தால், கூண்டுக்குச் சூடு தரும் பாயின் சென்சர் இடம் மாறிக் கிடக்கிறது. 29 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 23. தும்புத்தூளைப் பற்றி அந்த வைத்தியர் வாயே திறக்கவில்லை, நாங்களாகக் கேட்கும் வரைக்கும். கேட்டதற்கு, கொஞ்சம் தூள் உள்ளே போனால் கழிவோடு வெளியே வந்துவிடும் என்றார்.

யோசித்தால் இதில் அதிசயமே இல்லை. பாம்பு மெல்வதில்லை. எலியை எலும்போடும் நகத்தோடும் முழுசாக விழுங்குகிறது. எலும்பையே கரைக்கும் வயிறு அது. கரையாத மயிர் கழிவில் வந்துவிடும். அந்த வழியிலேயே நாலு தும்பும் போகும். ஆனால் அந்த வயிறு வேலை செய்ய வெளியிலிருந்து சூடு வேண்டும். நமக்கு இருப்பதுபோல் உடம்புக்குள்ளே அடுப்பு அதற்கு இல்லை. சூடு போதாவிட்டால் எலி செரிக்கும் முன்னே உள்ளேயே அழுகத் தொடங்கும். அதோடு கையால் தூக்கி உலுக்கினால் கக்காமல் என்ன செய்யும்? கக்கும்போது வயிற்றுப் புளிப்பு தொண்டையைப் புண்ணாக்கும். இரண்டு வாரம் பட்டினி போட்டு, பிறகு மிகச் சின்ன எலியாகக் கொடுத்துத்தான் தம்பி அதைத் தேற்றினான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பார்த்த ஒரு காட்சி அன்றைக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட லீவு. தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டு நின்ற அப்பாவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோனேன். வெட்டிப்போட்ட கிளைகளுக்கு நடுவில் ஒரு சாரை, எலியை உடம்பால் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தது. கத்தப் போனேன். "சாரைதான், எலி புடிக்குது, விடு" என்றார் அப்பா. தலைப்பக்கமாக விழுங்கியது. எலியின் ஈர மயிரில் மண்ணும் காய்ந்த தேயிலையும் அப்பியிருந்தன. எல்லாம் சேர்ந்தே உள்ளே போயின. முடிந்ததும் வாயை இரண்டு மூன்று தடவை பெரிதாகத் திறந்து மூடியது. தேயிலைத் தூரில் தாடையைத் தேய்த்தது. உதட்டோரம் ஒட்டியிருந்த இலைத்துண்டு கீழே விழுந்தது. பிறகு நேராக வெயில் விழுந்த பாறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுகிற இந்த மலையில் அது தேடியது சூட்டைத்தான். வாயில் மண் ஒட்டியதை அது பொருட்படுத்தவேயில்லை.

அதற்காக எதையும் கொட்டி வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மணல் வேண்டாம். கூரான பெரிய மரப்பட்டைத் துண்டு வேண்டாம், வாயில் குத்தினால் புண் வரும். சீடர் மரச்சீவல் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள எண்ணெய் பாம்பின் மூச்சுக்கு ஆகாது. தும்புத்தூளும் அஸ்பன் மரச்சீவலும் நல்லவை. தம்பி வாங்கும் தும்புக்கட்டியின் உறையில் இலங்கைத் தயாரிப்பு என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது.

இப்போது அவன் உறைந்த எலியைத் தண்ணீரில் நேராகப் போட்டு உருக்குவதில்லை. பையில் கட்டி வெந்நீரில் வைக்கிறான். வெளியே எடுத்து டிஷ்யூவால் ஒற்றிவிடுகிறான், ஈரமில்லாவிட்டால் தூள் ஒட்டாது. கூண்டுக்குள்ளேயே ஒரு ஓட்டுத்துண்டு போட்டிருக்கிறான். அதன் மேலே இடுக்கியால் நீட்டுகிறான். பாம்பு எலியைத் தூளுக்குள் இழுத்துக்கொண்டு போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறான். பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ, எலியும் அவ்வளவுதான். தண்ணீர்ச் சட்டி எப்போதும் நிறைந்திருக்கும். சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் யாரும் தொடக் கூடாது. என் மருமகன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும்.

கூண்டுக்குள் சாப்பாடு கொடுத்தால் நம் கையைக் கடிக்கப் பழகிவிடும் என்றும் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு மட்டுமே கதவைத் திறந்தால் அது வேறு எதை எதிர்பார்க்கும்? தண்ணீர் மாற்றவும் துப்புரவு செய்யவும் இடையிடையே திறங்கள். தூக்குவதற்கு முன் ஒரு குச்சியால் மெல்லத் தொடுங்கள். எலியைத் தொட்ட கையைக் கழுவுங்கள். பசியோடு இருக்கிற பாம்பைப் பெட்டி விட்டுப் பெட்டி மாற்றுவதுதான் கடி வாங்குகிற வழி.

குடல் அடைப்பே வராது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் குறைந்து, குளிரில் கிடந்து, அளவுக்கு மீறிய எலியை விழுங்கிய பாம்புக்கு வரலாம். அப்போது தூளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நேற்று ராத்திரி சித்தப்பா மகனுக்கு போன் எடுத்தேன். போல் பைதனுக்குச் சூடான மூலை 31, 32 பாகை வேண்டும். "எத்தனை காட்டுது?" என்றேன். "முப்பத்திரண்டு அக்கா, சரியா இருக்கு." "வெப்பமானி எங்க ஒட்டியிருக்க?" "மேல, மூடிக்குக் கிட்ட." பாம்பு கிடப்பது தரையில். அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து என்ன காட்டுகிறதென்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தும்புத்தூளைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.