ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சீனி ருசிக்காகப் போடுவதில்லை

வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கும் தண்ணீரை ஈடுகட்டக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சீனிக் கலவைதான் ஓ.ஆர்.எஸ். அதைப் பற்றிப் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "ஓ.ஆர்.எஸ்.ல சீனி சும்மா ருசிக்குத்தான். வயித்துப்போக்குக்கு உப்புத்தண்ணி மட்டும் போதும்." இது தவறு. இதை நம்பி ஒரு அக்கா, பேரனுக்காகச் சொம்பில் கல் உப்பை மட்டும் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். பார்த்ததும் பதறிவிட்டேன்.

சீனிக்கு அங்கே என்ன வேலை என்பதைக் கண்டு சொன்னவர் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர். 1950இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். செயின்ட் லூயிஸில் ஆய்வு செய்தபோது, சீனியிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸைக் குடல் எப்படி உறிஞ்சுகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் விடையை முன்வைத்தார்: குடல் செல்லுக்குள் குளுக்கோஸும், உப்பில் உள்ள சோடியமும் ஒரே வாசலில் சேர்ந்து நுழைகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. காலராவில்கூட அந்த வாசல் அடைபடுவதில்லை.

சீனி இல்லாத வெறும் உப்புத்தண்ணீருக்கு அந்த வாசல் உதவாது; அதில் உப்பு கூடினால் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். கடல் தண்ணீர் தாகம் தீர்க்காது என்று நம் மீனவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சீனி 6 தேக்கரண்டி, தூள் உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டி அளந்து போடுங்கள். குழந்தை சோர்ந்து கண் குழிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.